ஏரியோரக் குடியிருப்போர் கவனத்துக்கு

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் வட்டாரத்தில் ‘லேக் வியூ’ என்று சொல்லி விற்ற அடுக்ககத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம் ஒன்று பால்கனிக்கு எதிரே மிதந்துகொண்டிருக்கிறது. அதனிடம் மனதைப் பறிகொடுக்காமல் தப்பிப்பது எப்படி என்று சொல்கிறேன். தப்பித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

முதலில், பெயர்களைத் தெரிந்துகொள்ளாதீர்கள். மிதப்பதெல்லாம் வாத்து, நிற்பதெல்லாம் கொக்கு என்று இருக்கும்வரை ஆபத்தில்லை. கறுத்த அலகின் நுனியில் மஞ்சளும் அடியில் இரண்டு செம்புள்ளியும் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, கன்னங்கரேல் உடம்போடு நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்டிருந்தால் நாமக்கோழி என்று எவராவது சொல்லித் தந்துவிட்டால் தீர்ந்தது கதை. (அந்த நாமம் வடகலையா தென்கலையா என்ற விசாரணையில் இறங்க வேண்டாம். மனிதர்களிடமே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

செல்லப்பெயர் வைப்பது இரண்டாம் கட்டம். புள்ளிமூக்கு வாத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் ரமேஷ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒருநாள் குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்து நிற்கும். பொதுவாக அழகு, செல்லம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு பாசம் கைக்கு வரும். கை பிரெட் பாக்கெட்டுக்குப் போகும். அங்கேயே நிறுத்துங்கள். புல், விதை, நீர்ச்செடி, புழு பூச்சி என்று அதற்கு ஏரியிலேயே முழுச் சாப்பாடு இருக்கிறது. நீங்கள் வீசும் பிரெட்டும் மிச்ச இட்லியும் வயிற்றை அடைக்குமே தவிர சத்து தராது. மீந்தது தண்ணீரில் அழுகும். கரையில் தெருநாய் கூடும். “வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போட்டா என்னடா?” என்று பாட்டி கேட்டால், “அதுக்கு வாய் இருக்கு பாட்டி, ராத்திரி நீயே கேக்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள்.

முக்குளிப்பான் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். கையடக்கப் பறவை, வால் இருப்பதே தெரியாது. திடீரென்று தண்ணீருக்குள் போய்விடும். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது எழும் இடத்தை ஊகிப்பீர்கள். அது வேறெங்கோ எழும். நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். கூட்டை விட்டு இறங்கும்போது ஈரத் தழையை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பார்ப்பவருக்கு அது வெறும் குப்பை. குஞ்சு பொரித்தபின் முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றும், தன் இறகையே பிடுங்கி ஊட்டும். இதையெல்லாம் பார்க்கத் தொடங்கிய வீட்டில் நடக்கும் உரையாடல் இது:

“ஏங்க, பால் பொங்குது! அங்க என்ன வேடிக்கை?”

“முட்டையை மூடுதும்மா.”

“அதுக்கு இருக்கிற பொறுப்பு இந்த வீட்ல யாருக்கு இருக்கு?”

தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 போதும். ஏரிப் பக்கம் மட்டும் திருப்புங்கள். எதிர் பிளாக்கில் குடியிருப்பவர்களுக்குப் பறவை ஆர்வலர் என்றால் யாரென்று தெரியாது.

காலையில் குஞ்சுகளை எண்ணும் பழக்கம் வந்தால் உங்களுக்கு முற்றிவிட்டது. நேற்றைவிட ஒன்று குறையும். பருந்தைத் திட்டுவீர்கள், அதற்கும் வீட்டில் குஞ்சு இருக்கிறது. காப்பாற்றுகிறேன் என்று எடுத்து வந்து பாத்ரூம் வாளியில் விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாசத்துக்கு விலக்கு எதுவும் தரவில்லை.

படத்தை அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். “குழம்புக்கு நல்லா இருக்கும் சார்” என்று முதல் பதில் வரும். ஐப்பசியில் வேறொரு ஆசை எழும்: தீபாவளிக்கு வெடிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்கலாமா? சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக ஊரே வெடி வெடிப்பதில்லை. அது ஊர். இங்கே லிஃப்ட் கதவைச் சாத்தவே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம்.

பங்குனி, சித்திரைக்குத் தயாராகுங்கள். வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் சொல்லாமல் கிளம்பிவிடும். தண்ணீர் வற்ற வற்ற ரமேஷும் பிள்ளைகளோடு வேறு ஏரி பார்த்துக்கொள்ளும். உங்களுக்குத்தான் ஈஎம்ஐ இருக்கிறது.

கடைசியாக, வடகிழக்குப் பருவமழை பற்றி. ஒரே இரவில் ஏரி நிரம்பி, சீழ்க்கைச் சிறகிகள் இருட்டில் விசிலடித்துக்கொண்டு வந்து இறங்கினால் உங்களுக்குக் குதிக்கத் தோன்றும். குதியுங்கள், வீட்டுக்குள். அதே தண்ணீர் பேஸ்மென்டிலும் நிற்கும். கார் மூழ்கியவர்கள் அவசரக் கூட்டம் கூட்டியிருப்பார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருங்கள். மோட்டார் வைத்து இறைக்க ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.