பூநாரையும் பொய் மாடும்

வாடைக் காற்றோடு யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு வந்துசேரும் உயிர்கள் இருவகைப்படும்: ஒன்று பூநாரை, மற்றையது பூநாரையைப் படமெடுக்க வரும் மனிதர். முதலாம் வகை ஆழமற்ற உப்புநீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றிலுள்ள சிற்றுயிர்களை வடித்துத் தின்றபடி எவருக்கும் தொந்தரவின்றி நிற்கும். இரண்டாம் வகைக்கு நிற்கவே தெரியாது. சென்ற ஞாயிறு மண்டைதீவுப் பக்கத்தில் கேட்ட ஒரு கைதட்டலுக்குப் பின்னர், இவ்விரண்டாம் வகையின் நடத்தை ஆராய்ச்சிக்குரியதாகிவிட்டமையால், பறவைகளைக் கலைக்காமல் படமெடுப்பதற்கான மூன்று விதிகளை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைதட்டலின் காரணம் எளிது. நிற்கும் பூநாரை தூரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிய, எழுந்து பறக்கும்போதே சிறகின் சிவப்பும் கறுப்பும் விரியும் என்பதால், அது தானாக எழும்வரை பொறுக்காத அன்பர்கள் கைதட்டுவர், ஹோன் அடிப்பர், வசதியுள்ளோர் ட்ரோன் அனுப்புவர். பூநாரையோ நின்ற இடத்திலிருந்து எழ இயலாமல் நீரின் மேல் சில அடி ஓடியே பறக்கவேண்டிய கனத்த பறவை. அதன் செம்மையும் பிறவி நிறமன்று. குஞ்சில் சாம்பலாக இருப்பது, உணவிலுள்ள கரோட்டினொயிட் என்னும் நிறமிகளாலேயே பின்னர் சிவக்கிறது. உண்ணவிடாமல் எழுப்பிவிட்டு, நிறம் போதவில்லையென்று வீட்டுக் கணினியில் ரோஸ் பூசும் செயலைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதை அறிஞர் முடிவு செய்க.

கலைக்காமல் நெருங்குவதற்கு மறைவிடம் வேண்டும். அதாவது பறவையின் கண்ணில் படாமல் ஆள் ஒளிந்திருக்கும் குடில். கடனீரேரிக் கரையிலுள்ள அராலி வெளியிலோ ஒளிவதற்கு ஒரு பற்றையும் இல்லை. இலைப்புள்ளி அச்சிட்ட பச்சைச் சட்டையோ வெளிறிய சேற்றில் ஆளை அரை மைலுக்கு அப்பாலும் காட்டிக்கொடுப்பதுடன், வடபகுதியில் பறவையல்லாத வேறு தரப்பினரின் கவனத்தையும் ஈர்க்கும். இவ்விடத்தில் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரரை நினைவுகூரவேண்டும். புகைப்படங்களோடு கூடிய பறவைக்கூட்டு நூலொன்றை 1895இல் வெளியிட்ட ரிச்சர்ட், செரி ஆகிய இவ்விருவரும், சில ஆண்டுகளின் பின் உள்ளீடற்ற பொய் எருது ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் கமராவுடன் புகுந்து நின்றனர்.

அவ்வெருதை அராலியில் நிறுத்தினால் நிகழக்கூடியவை ஆராயத்தக்கன. முதலில் ஊர் மாடுகள் வந்து மோந்து பார்க்கும். அடுத்து உண்ணிக்கொக்கு ஒன்று முதுகில் ஏறி அமரும். பறவையொன்று அத்துணை அருகில் வந்தும் அது தலைக்கு மேலே இருப்பதால் உள்ளிருப்பவர் அதனைப் படமெடுக்க முடியாது. பின்னர் சைக்கிளில் போகும் பெரியவர் ஒருவர் இறங்கி, "ஆற்றை மாடு இது?" என்று வெளியைப் பார்த்துக் கேட்டு, குறி சுட்ட அடையாளத்தைத் தேடித் தொடையைத் தடவுவார். காலையிலிருந்து அசையாத மாடு வருத்தக்கார மாடாகவே இருக்கவேண்டும் என்று இன்னொருவர் மிருக வைத்தியருக்கு அறிவிப்பார். மூன்றாமவர் வைக்கோல் வைப்பார். நான்காமவர், தம் பயிரைச் சென்ற மாரியில் மேய்ந்தது இதே மாடுதான் என்று சத்தியம் செய்வார். இறுதியில் பிரதேச சபை அதனைக் கட்டாக்காலியாகக் கருதிப் பிடித்துச் செல்ல, உரியவர் தண்டம் கட்டி மீட்கவேண்டியிருக்கும். மாட்டின் வயிற்றிலிருந்தே ஒருவர் பணப்பையை நீட்டுவதற்கான நடைமுறை எந்தச் சட்டத்திலும் இல்லை. இவ்வளவும் நடந்து முடியும்வரை பூநாரைகள் அதே தூரத்திலேயே தலைகீழாக மேய்ந்துகொண்டிருக்கும்.

பூநாரைகளுக்குக் காவலுள்ள இடம் இல்லாமலில்லை: சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. எல்லைப் பலகையைப் பறவைகள் வாசிப்பதில்லையாதலால், அவை பண்ணை வீதியோரத்திலும் இறங்கிப் படமெடுப்போரிடம் அகப்பட்டுக்கொள்கின்றன.

இக்கட்டுரையாளரும் குற்றமற்றவரல்லர். கைதட்டல் கேட்ட அன்று முழங்கால் சேற்றில் நின்று அவர் எடுத்த 47 படங்களுள் மிகத் தெளிவானதைப் பெருப்பித்துப் பார்த்தபோது, அது சிறகுவலைத் தடியில் சிக்கிய வெள்ளைப் பொலித்தீன் பை என்பது தெரியவந்தது. அதற்குள் அப்படம் கனடாவிலுள்ள மைத்துனருக்கு அனுப்பப்பட்டு, "நல்ல வடிவான நாரை" என்ற பாராட்டையும் பெற்றுவிட்டது.

மூன்று விதிகளுக்கு இனி இடமில்லை. கைதட்டியவரின் படமோ குறைசொல்ல முடியாதபடி அமைந்து பலராலும் பகிரப்பட்டுவருகிறது: வானம் நிறைய விரிந்த சிறகுகள், கீழே ஓடும் கால்களின் நீர்த்தெறிப்பு, இடது மூலையில் சேற்றில் நின்று வாய் பிளந்து திட்டும் ஒருவர். அவரது முகம், இக்கட்டுரையாளர் வாழ்நாளில் எடுத்த எந்தப் பறவையையும்விடத் தெளிவாக விழுந்திருக்கிறது.