ராஜாவுக்குப் பசி

பிரான்ஸ் ராஜா லூயி பிலிப்பை யாரும் குறை சொல்லக் கூடாது. 1830 ஜூலையில் பாரிஸ் ஜனங்கள் மூன்று நாள் தெருவில் நின்று குண்டடிபட்டு அவருக்குச் சிம்மாசனம் வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் நன்றி மறக்கவில்லை. ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு ஓட்டு கிடைத்தது. அவ்வளவு கட்ட வக்கில்லாதவன், அதாவது குண்டடிபட்டவன், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். அரண்மனைச் செலவுக்கு ஆண்டுக்கு வெறும் 1 கோடியே 20 லட்சம் பிராங்க். எப்படித்தான் காலம் தள்ளினாரோ!

இந்த உத்தமரைத்தான் ஓனோரே தோமியே என்ற 23 வயதுப் பையன் 1831 டிசம்பரில் கல்லச்சில் வரைந்தான். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் குச்சியால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தாள் தாளாக எடுக்க வேண்டியதுதான். வம்பே அங்கேதான். எண்ணெய் ஓவியம் மாளிகைக்குள் தொங்கும். இது கடை ஜன்னலில் தொங்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் பார்த்துச் சிரிப்பான்.

படத்தில் பேரிக்காய்த் தலையோடு ராஜா உட்கார்ந்திருக்கிறார். சிம்மாசனமா அது? ஓட்டை போட்ட கக்கூஸ் நாற்காலி. அவர் வாயிலிருந்து தரைவரை ஒரு நீளப் பலகை. கீழே ஒட்டிய வயிற்று ஏழைகள் கடைசிக் காசையும் கூடையில் போடுகிறார்கள். கூடைகள் பலகையேறி வாயில் கொட்டப்படுகின்றன. வழியில் சிந்துவதைப் பொறுக்கக் காலடியில் ஒரு கனவான் கூட்டம். நாற்காலிக்கு அடியில் விழுபவை பதவி ஆணைகள், விருதுகள். அதற்கும் அடிதடி. நாற்றமாவது ஒன்றாவது, பதவி மணக்காதா?

தின்றவரை விட்டுவிட்டு, தின்பதைப் படம் போட்டவனைப் பிடித்தார்கள். ராஜாவை அவமதித்த குற்றம்: ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். உள்ளே போய்விட்டு வந்தான். திருந்தினானா? இல்லை.

1834 ஏப்ரலில் பாரிஸில் கலகம். திரான்ஸ்னொனான் தெரு 12ஆம் எண் வீட்டிலிருந்து யாரோ சுட்டார்களாம். சிப்பாய்கள் மாடி மாடியாக ஏறி, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். இந்தக் கொலையையும் தோமியே கல்லில் வரைந்தான். இதில் கேலி இல்லை. இரவுச் சட்டையும் தொப்பியுமாகக் கட்டிலோரம் சரிந்து கிடக்கும் ஒரு மனிதன். அவன் முதுகுக்கு அடியில் நசுங்கிய ஒரு குழந்தை. அவ்வளவுதான். அரசாங்கம் பதறிப்போய்த் தாள்களைத் தேடித் தேடிப் பறித்தது, கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டே, படம் வெளியிட முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதுவது கருத்தாம், அதற்குச் சுதந்திரம் உண்டாம், வரைவது செயலாம். படிக்கத் தெரிந்த சிலரைப் பற்றிக் கவலையில்லை, பார்க்கத் தெரிந்த கோடிப் பேரை நினைத்துத்தான் பயம் என்பதைச் சட்டமொழியில் இப்படித்தான் சொல்வார்கள் போலும்.

இன்று அதே தாள்களைப் பணக்காரர்கள் ஏலத்தில் எடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். யாரைப் பற்றிய படம் என்று விருந்தாளிகள் கேட்பதில்லை.

படம் போட்டவனுக்கு ஆறு மாதம். அந்த வீட்டில் புகுந்து கொன்ற சிப்பாய்களுக்கு ஒரு நாள்கூட இல்லை.