மூச்சு வாங்கும் வைன்

கேள்வி: மூடி திறந்த வைன் ஒரு வாரத்தில் புளித்துப் போவது ஏன்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தவர் மூச்சு வாங்கினால் தெம்பு. வைன் வாங்கினால் வம்பு!

முதல் அரைமணி நேரம் காற்று நல்லதுதான். முரட்டுச் சிவப்பு வைனுக்கு மணம் கூடும். பிறகு ஆக்ஸிஜன் பட்டுப்பட்டு ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறும், அடிபட்ட ஆப்பிள் வாடை கிளம்பும். காற்றோடு அசிட்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்தால் வினிகர்தான். விஞ்ஞானி பாஸ்டர் 1860களிலேயே இதை ஆராய்ந்து சொல்லிவிட்டார்.

கள்ளில் இந்தக் கூத்து இன்னும் வேகம். இலங்கையில் தென்னங்கள்ளை வேண்டுமென்றே புளிக்கவிட்டு வினிகர் எடுக்கிறார்கள். நம்மூர்ப் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது நுரைத்துக் கள்ளாகாமல் இருக்கத்தான்.

வைனுக்குச் சுண்ணாம்பு ஆகாது. தக்கையை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் காற்றுப்படும் பரப்பு கூடிவிடும்.