செயலி முடுக்கியல்: சுங்கை பூலோ மாடியறை ஒன்றை முன்வைத்து

முடுக்கல் என்பது யாதோவெனின், கணினிச் செயலியை அதைச் செய்தவன் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவைத்தல். ஓவர்கிளாக் என்பது உலக வழக்கு. அற்றேல், செய்தவனே ஏன் அந்த வேகத்தில் விற்கவில்லை எனின், அவன் நம் வீட்டை அறியான். சுமாரான சிப்புக்கும் புழுக்கமான அறைக்கும் சேர்த்துத்தான் வேகத்தை எழுதுகிறான். நல்ல சிப்பு வாய்த்தவருக்கு மிச்சம் உண்டு. வாய்ப்பதோ நாலு நம்பர் லாட்டரி எடுப்பதைப் போன்றது.

இத்துறையின் பொற்காலம் 1998. இன்டெலின் செலரான் 300ஏ விலைக்கு 300 மெகாஹெர்ட்ஸ்; பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் 450-இல் ஓடும். அவற்றுள் பலவற்றின் மேல் ‘மலாய்’ என்ற முத்திரை இருந்தது. இன்டெல் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது. எனவே முடுக்கல் மலேசியரின் பிறப்புரிமை என்பது நிறுவப்படுகிறது. மறுப்போர் சிப்பைத் திருப்பிப் பார்க்க.

ஆய்வுப்பொருள், இரண்டாம் கையாக வாங்கிய ஐ5-6600கே. இறுதியில் நிற்கும் ‘கே’ அசைநிலை அன்று. பெருக்கெண் பூட்டப்படவில்லை எனப் பொருள் தரும். நூறு மெகாஹெர்ட்ஸை முப்பத்தாறால் பெருக்கினால் 3600. நாலு கோரும் சேர்ந்து உழைக்கையில் இதன் இயல்பு அதுவே. பயாஸில் 36-ஐ 37 ஆக்கினால் முடுக்கல் தொடங்கிற்று. இவ்வளவுதானா எனின், இவ்வளவே. மற்றதெல்லாம் சூட்டைப் பற்றியது.

சூடு வேகத்தோடு சமமாக ஏறும். வோல்ட்டோடு ஏறும்போது அதன் வர்க்கமாக ஏறும். 3600-ஐ 4200 ஆக்க, 1.20 வோல்ட்டை 1.30 ஆக்கினேன் என்க. கிடைத்த வேகம் 17 விழுக்காடு, கூடிய சூடு 37 விழுக்காடு. ஆதலால் வோல்ட்டை ‘ஆட்டோ’வில் விடலாகாது. மதர்போர்டு தாராள மனசுக்காரர். கேட்டதற்கு மேலேயே ஊற்றுவார்.

இனிக் களம். சுங்கை பூலோ என்றால் மூங்கிலாறு. 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பாக எழுந்த பள்ளத்தாக்கில் இன்று வரிசை வரிசையாகப் பூச்செடி நாற்றுக்கடைகள். செடிக்கு ஏற்ற ஈரப்புழுக்கம் செயலிக்கு ஏற்றதன்று. எங்கள் மாடியறை பிற்பகலில் 32 டிகிரி. எவ்வளவு காசு போட்டு வாங்கினாலும் காற்றால் குளிர்விக்கும் கருவி அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. 20 டிகிரி அறையில் இருப்பவர் 68-இல் ஓடுகிறது என்று மகிழ்ந்தால், நமக்கு அது 80. வெளிநாட்டார் சொல்லும் எண்களோடு 12-ஐக் கூட்டிப் படிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் ஒரே சொந்தக் கண்டுபிடிப்பு.

‘கே’ வகைச் சிப்புக்கு அப்போது பெட்டியில் விசிறி வைத்துத் தரமாட்டார்கள். குவாசா டாமன்சாராவில் எம்ஆர்டி மாறி, புக்கிட் பிந்தாங்கில் இறங்கி லோ யாட் பிளாசா போனேன். தகடு தகடாக அடுக்கிய ஹீட்சிங்கைக் கண்டதும் தே தாரே நினைவு வந்தது. மாமாக் கடைக்காரர் தேநீரை இழுத்து நீட்டுவதும் இதுவும் ஒன்றுதான்; காற்றுப் படும் பரப்பைக் கூட்டுவது. கடைக்காரர் தெர்மல் பேஸ்ட்டை நீட்டிச் சொன்ன அறிவுரை: “போஸ், பெலான்-பெலான் லா.” முடுக்கல் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதன் சூத்திர வடிவம் இது.

பெலான்-பெலானாகவே, அதாவது மெல்ல மெல்லவே, போனேன். கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்துவிட்டு ஒரு படி ஏற்றல், கால் மணி வதைத்தல், சூட்டைக் குறித்தல், மறுபடி ஏற்றல். வதைக்க பிரைம்95. பகா எண் தேடுவதற்கென்று 1996-இல் பிறந்த நிரல். பிழையில்லாத கணக்கு வேண்டியிருப்பதால் செயலியின் சிறு தள்ளாட்டத்தையும் காட்டிக்கொடுக்கும். 85 டிகிரியைக் கடந்தால் நிறுத்துவதென்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன். நூறைத் தொட்டால் சிப்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை போய்ப் பார்ப்பது ஆய்வன்று, வம்பு.

“என்னய்யா, ரூம்ல ஹெலிகாப்டர் சத்தம்?” என்று அம்மா கீழிருந்து கேட்டது 41-இல். 43-இல் நீலத்திரை. 44-இல் நீலமும் இல்லை, கருந்திரை. உயிர் போய்விட்டதோ என்று எனக்குத்தான் சூடேறியது. பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் வட்ட பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்துத் திரும்பச் செருகினால் பயாஸ் பழையபடி 36-க்கு வந்துவிடும். முதல் முறை முடுக்குபவர் இதை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொண்டால் ஒரு மாலைப்பொழுதின் நடுக்கம் மிச்சம். 42-இல் நிறுத்தினேன். கடைசி நெடுஞ்சோதனையை வைத்தது பிற்பகல் நாலு மணிக்கு. இங்கே அது இடிமழை நேரம். ஒரு மின்னல், கரண்டு போயிற்று. மறுநாள் விடியலில் வைத்தேன். 79 டிகிரி, பிழையில்லை.

பயன் யாதோவெனின்: உறவினர் கல்யாண வீடியோவை மாற்றி எழுத முன்பு 60 நிமிடம், இப்போது ஐம்பத்தொன்றரை. எட்டரை நிமிடம் மிச்சம். இதற்குச் செலவான நேரம், ரயில் பயணம் உட்பட, 17 மணி. முதலுக்கு முதல் வர 120 கல்யாணம் ஆகவேண்டும். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்பவர்கள் மூவர்தான் என்ற தரவுப் பற்றாக்குறையை அம்மாவிடம் விளக்கினேன்.

“அதுல ஒன்னு நீதானய்யா,” என்றார். “அது எப்ப?”