மீட்டர் பேசுது!

ஹைப்ரிட் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மைலேஜ் கோடு உச்சிக்குத் தாவுகிறதே, எப்படி?

அப்போது எஞ்சின் அணைந்திருக்கும். பெட்ரோல் செலவு பூஜ்ஜியம். ஓடிய தூரத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் மீட்டர் பாவம், என்ன செய்யும்? கணக்கு வாத்தியாரே கையை விரிக்கிற இடம் அது!

அப்படியானால் ஓட்டும்போது நான் எதைத்தான் பார்ப்பது?

ரோட்டை! வண்டியை நிறுத்திய பிறகு சராசரியைப் பாருங்கள்.

கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ. கொடுக்கும் என்கிறார்களே, எந்த ஊர் ரோட்டில்?

ரோட்டிலேயே இல்லை. ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல், ஏசியை அணைத்துவிட்டு!

பிரேக் போட்டால் பேட்டரி ஏறுகிறதாம். அடிக்கடி போட்டால் லாபம்தானே?

ரீஃபண்ட் வருகிறதே என்று கூடுதலாக வரி கட்டுவீர்களா? வேகம் கூட்டச் செலவானதில் ஒரு பங்குதான் பேட்டரிக்குத் திரும்பும். பிரேக்குக்கே அதிகம் வேலை வைக்காதவர்தான் பணக்காரர்.

பக்கத்துத் தெருக் கடைக்குப் போனால் மட்டும் மைலேஜ் பாதாளத்தில் விழுகிறது. ஏன்?

குளிர்ந்த எஞ்சின் சூடேறவே பெட்ரோல் குடிக்கும். அது சூடேறுவதற்குள் நீங்கள் வீடு திரும்பிவிடுகிறீர்கள். நடந்தே போங்கள்: மைலேஜ் ஏறும், தொப்பை இறங்கும்.

கடைசியாக, மீட்டரை நம்பலாமா?

நம்புங்கள்; பில்லையும் பத்திரமாக வையுங்கள். டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள். மறுபடி அதே பங்க்கில் நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். திரை காட்டியதைவிடச் சற்றுக் குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பங்க்காரர் காசு கேட்பது லிட்டருக்குத்தான், திரைக்கு அல்ல!