தரைக்கு விழுந்த அடி

எங்கள் அண்ணன் தப்பே பண்ண மாட்டார். தப்பெல்லாம் தானாக வந்து இவர்மேல் மோதும்.

காரைப் பின்னால் எடுத்துத் தூணில் இடித்தால், "எந்த முட்டாள் இங்க தூணை வெச்சான்?" வைக்கச் சொன்னவர் இவர்தான், கொத்தனாரோடு மல்லுக்கட்டி. நினைவுபடுத்தினால், கொத்தனார் இன்னும் பிடிவாதமாக மறுத்திருக்க வேண்டுமாம். ரயிலை விட்டாரென்றால், அது இன்றைக்கென்று பார்த்து நேரத்துக்குக் கிளம்பித் தொலைத்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லேப் மிஷின் கோளாறு. முந்தின நாள் பந்தியில் தின்ற பாதுஷா? பரிமாறியவன் விடவில்லையே, பாவம் இவர் என்ன செய்வார்!

நடை பழகும் வயதில் இவர் விழுந்தபோது, "எம் புள்ளய அடிச்சியா? அடிச்சியா?" என்று சிமெண்டுத் தரையை நாலு சாத்து சாத்தினார் அம்மா. ஊரில் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் விட்டுவிடுவார்கள். இந்த அம்மா விடவில்லை. கணக்கில் பெயிலானபோது வாத்தியார், வேலை போனபோது மேனேஜர், கல்யாணத்துக்குப் பிறகு மருமகள். அதே தரையில் தங்கை விழுந்தால், "பாத்து நடக்கத் தெரியாதா?" என்று முதுகில் ஒன்று.

உளவியல் மேதை ஃபிராய்டுக்கும் இதே யோகம்தான். தங்கை பியானோ பழகும் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றார். பியானோ வீட்டைவிட்டுப் போனது. 1914-இல் தற்காதல் பற்றிக் கட்டுரை எழுதினார், பெற்றோர் பிள்ளையை ராஜாவாக்குவதைப் பற்றியும்தான். பியானோ பேச்சு அதில் இல்லை.

2015-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு 565 பிள்ளைகளைக் கவனித்தது. பாசமாக வளர்த்தால் தன்மதிப்பு வருகிறதாம்; உன்னைப்போல் உலகத்தில் உண்டா என்று வளர்த்தால் தற்பெருமை வருகிறதாம். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு ஒருத்தருக்கே பரிமாறிவிட்டார்கள்.

பாசம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. பள்ளி நாளில் என் சைக்கிள் பஞ்சரானால், ஆணியைத் தேடிப் பிடித்துத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒட்டுவதற்குத் தள்ளிக்கொண்டு போவது நான்.

அதுகூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கும் முன்பே, "என் தப்புதாங்க" என்று அண்ணி சொல்லிவிடுகிறார். என்ன தப்பென்று கேட்பதுகூட இல்லை. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணே, நேற்று ராத்திரி பிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் போனது நீதான். பால் திரிந்தது அதனால்தான். அண்ணிகிட்ட சொல்லிடு.