இருபத்து நாலு மணி நேரச் சிரஞ்சீவி

ஜி. அரவிந்தனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரே ஒரு சித்திரத் தொடரை வரைந்து முடிக்க அந்த மனிதருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. 1961-ல் மாத்ருபூமி வார இதழில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' தொடங்கினார். 1973-ல்தான் பேனாவை மூடினார். ராமு என்று வேலை தேடி அலைகிற ஒரு படித்த பையன், குருஜி என்று ஒரு பெரியவர். வாரங்கள் ஓட ஓட ராமுவுக்கு வயசு ஏறியது, வேலை கிடைத்தது, வசதி வந்தது, வசதி வந்த வழியாகவே மற்றதெல்லாம் வெளியே போனது. இதைச் சொல்லவா பன்னிரண்டு வருஷம்? கூடவே ரப்பர் போர்டில் உத்தியோகம் வேறு. சுறுசுறுப்பாகக் காரியத்தை முடிக்கச் சொல்லிக்கொடுக்க அருகில் ஒருவர்கூட இல்லாமல் போய்விட்டது.

மருந்து கண்டுபிடித்தபோது நோயாளிக்கு நேரமில்லை. 1990 ஆகஸ்ட் 31-ம் தேதி, அமெரிக்காவில் ஸ்காட் மெக்லவுட் என்ற சித்திரக்காரர் ஒரே நாளில் 24 பக்கக் காமிக்ஸ் ஒன்றை வரைந்து முடித்தார். அரவிந்தன் திருவனந்தபுரத்தில் காலமானது 1991 மார்ச் 15. இடையே ஆறரை மாதம்தான். சேதி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால், ராமுவின் வாழ்க்கை முழுவதையும் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மெக்லவுடுக்கும் அவருடைய நண்பர் ஸ்டீவ் பிஸ்ஸெட்டுக்கும் இருந்த வியாதி மந்த கதி. பக்கம் நகராது. ஒரு நாளில் ஒரு புத்தகம் வரைந்தால் என்ன என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டதில் பிறந்ததுதான் இந்தச் சவால். விதிகள் எளிது. 24 மணி நேரத்துக்குள் 24 பக்கம். கதை, பென்சில், மை, பலூனுக்குள் எழுத்து எல்லாம் அதற்குள் அடக்கம். தூங்கலாம், ஆனால் கடிகாரம் தூங்காது. முன்கூட்டிக் கதை யோசிக்கக் கூடாது, பாத்திரங்களை வரைந்து பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாது. தாள், பேனா, தின்பண்டம், பாட்டு, பார்த்து வரைய வேண்டிய படங்கள் இவற்றைச் சேகரித்துக்கொள்ளலாம். பிறகு நாட் கெர்ட்லர் என்பவர் 2004 ஏப்ரல் 24-ல் இதற்கென்று ஒரு நாளையே ஏற்படுத்தினார். அது பின்னால் அக்டோபருக்கு நகர்ந்தது.

மெக்லவுட் செய்த குறை ஒன்று உண்டு. நடுவர் வைக்கவில்லை, பரிசு வைக்கவில்லை, சான்றிதழ் அச்சடிக்கவில்லை. மெதுவாக வரைகிறவனின் கைப்பயத்தைப் போக்குவதற்கென்று நாலு சுவருக்குள் செய்த ஒரு பயிற்சியாகவே அதை விட்டுவிட்டார். இவ்வளவு நல்ல சரக்கை இப்படியா வீணாக்குவது? அதைச் சரிசெய்யும் பாக்கியம் திருவனந்தபுரத்துக் கரமனையில் வாடகை அறையில் இருக்கும் நம் தம்பிக்குக் கிடைத்தது. பெயர் சொல்ல மாட்டேன்; கண் பட்டுவிடும். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. மெக்லவுடின் சவால் பிறந்த அதே 1990-ல் பிறந்த டெக்னோபார்க்கில் வேலை. என்னை அண்ணாச்சி என்பார். அவருடைய அறைக்கு நேர் கீழே குடியிருக்கும் புண்ணியத்தால் இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு வாய்த்தது.

தம்பியின் ஆயத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதை யோசிக்கக் கூடாது என்ற விதியை அவரைப்போலக் கடைப்பிடித்தவர்கள் உலகில் இல்லை. மற்றவர்கள் போட்டிக்கு முன்னால் சில வாரங்கள் கடைப்பிடிப்பார்கள். தம்பி சின்ன வயசிலிருந்தே கடைப்பிடித்து வருகிறார். பாத்திரங்களை வரைந்து பார்க்கக் கூடாது என்பதையும் தாராள மனசோடு விரித்துப் பொருள்கொண்டு, எதையுமே வரைந்து பார்க்காமல் விரதம் காத்தார். மனிதக் கையை வரைவது சித்திரக்காரர்களுக்கே சிரமம் என்பார்கள். அந்தச் சிரமத்தைப் பழகிப் பழகி ருசி கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. ஆகவே அவருடைய பாத்திரங்கள் எல்லோரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டோ முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோதான் நிற்பார்கள். சண்டைக் காட்சியில்கூட. அவ்வளவு அடக்கமான மனிதர்களை வேறெந்தக் காமிக்ஸிலும் பார்க்க முடியாது.

விதி எதை அனுமதித்ததோ அதில் தம்பி குறை வைக்கவில்லை. ஆறு தடிமனில் மைக்ரான் பேனா, தூரிகைப் பேனா, நீலப் பென்சில், கட்டுக்கட்டாகக் கார்ட்ரிட்ஜ் தாள், லைட் பாக்ஸ், தாள் போதாவிட்டால் டேப்லெட், டேப்லெட் போதாவிட்டால் இன்னொரு டேப்லெட். கழுத்துக்குத் தலையணை. மணிக்கட்டுக்குப் பட்டை. செல்போனை நிறுத்த இரண்டு முக்காலி, ஒன்று முகத்துக்கு, ஒன்று தாளுக்கு. சாலைக் கடைத்தெருவில் பனியன் வாங்கி, அதில் '24' என்று அச்சடித்தார். உடம்பைத் தயார்செய்ய ஒரு வாரம் சீக்கிரம் தூங்கப் போனார். தூங்கப் போகிறேன் என்று நள்ளிரவு வரை எல்லோருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கேலிச்சித்திரக்காரர் அபு ஆபிரகாமையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்து 2002-ல் இங்கேயே மறைந்தவர். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு படம் போட்டார். குளியல் தொட்டியில் கிடக்கும் ஜனாதிபதி, கையெழுத்திட்ட அவசரச் சட்டத்தை வெளியே நீட்டியபடி, இன்னும் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்கிறார். மொத்தமே ஒரு கட்டம். ஐம்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வேறு வேலை இல்லாமல். நம் தம்பி பக்கத்துக்கு ஆறு கட்டம் வீதம் 144 கட்டத்துக்குத் திட்டமிட்டார். அபுவைவிட 143 அதிகம். அந்தப் படத்தில் தம்பிக்குப் பிடித்த ஒரே ஆள் ஜனாதிபதிதான். படித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், குளித்துக்கொண்டே காரியத்தை முடித்தவர் அல்லவா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் கைதட்டல் கேட்டது. பக்கத்துக்கு ஒரு மணி நேரம், கட்டத்துக்குப் பத்து நிமிஷம் என்று கணக்கு. முதல் இரண்டரை மணி நேரம் பக்கம் பக்கமாக ஓரக்கோடு போட்டார். அப்படியொரு கோடு! அளவுகோல் வைத்தால் அளவுகோல் வெட்கப்படும். அந்தக் கட்டங்களைக் காலியாகவே அச்சிட்டிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். அப்புறம் தலைப்பு எழுத்து. அதற்கு நிழல். நிழலுக்கு இன்னொரு நிழல்.

பிற்பகலில் அக்டோபருக்கே உரிய இடியும் மழையும் வந்தன, கரண்ட் போனது. ஈரக் காற்றில் மை காயாது, தாள் சுருளும். வேறொருவராக இருந்தால் மனம் தளர்ந்திருப்பார். தம்பியோ இதிலிருந்தும் ஒரு கலையைக் கறந்தார். கதையிலும் கரண்ட் போய்விட்டது. நாலாம் பக்கம் முழுக் கறுப்பு. ஐந்தாம் பக்கமும். ஆறாம் பக்கத்தில் பொன்முடிப் பனிமூட்டம், முழு வெள்ளை. ஏழிலும் எட்டிலும் இரண்டு பேர் போனில் பேசுகிறார்கள்: ஒரே முகம், ஒரே கோணம், பன்னிரண்டு கட்டம், கை தெரியாத அளவுக்கு நெருக்கம். உணர்ச்சியை மாற்ற வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், எடுத்தார். ஐரோப்பிய சினிமாவில் இதற்கு விருது கொடுக்கிறார்கள்.

கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறதே, மணிக்கு மணி தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். தம்பியும் அப்படித்தான் மணிக்கொரு தரம் இரண்டு முக்காலிக்கும் நடுவில் முகத்தைக் காட்டி வாயைத் திறந்தார். எத்தனையாவது மணி, எத்தனையாவது கட்டன் சாயா, எந்த விரல் வலிக்கிறது என்று அறிக்கை. உடனே எல்லாத் திசைகளிலிருந்தும் "அடிபொளி!" குவியும். அந்த அறிக்கைக்கு இருபது நிமிஷம், அடிபொளிகளுக்கு நன்றி சொல்ல இருபது நிமிஷம். மிச்சத்தில் வரைந்தார். இரவு பதினொரு மணிக்குத் தட்டுக்கடைக்குப் புறப்பட்டார். மக்கள் வாழ்க்கையை நேரில் பார்க்காமல் எப்படி வரைவது? தோசை, ரசவடை, ஆம்லெட் என்று ஒன்றரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

விடிந்து பத்து மணி அடித்தபோது கையில் இருந்தது இருபது பக்கம். இந்தச் சவாலில் தோற்பவர்களுக்கும் மரியாதையான இரண்டு வழிகள் உண்டு. நீல் கெய்மன் 24 மணி நேரத்தில் முடிந்தவரைக்கும் போதும் என்று நிறுத்தினார். கெவின் ஈஸ்ட்மன் நேரம் தாண்டினாலும் பரவாயில்லை என்று 24 பக்கத்தையும் முடித்தார். பெரிய ஆட்கள்தான், ஆனால் இரண்டு பேருமே ஏதோ ஒன்றில் குறைவை ஒப்புக்கொண்டார்கள். தம்பி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னட்டை ஒன்று, பின்னட்டை ஒன்று, நன்றியுரை ஒன்று, ஆசிரியர் குறிப்பு ஒன்று. ஆக இருபத்து நாலு. இந்த மூன்றாவது வழிக்கு அனந்தபுரி முறை என்று பெயர் வைத்து அமெரிக்காவுக்கு எழுதிப் போடலாம்.

நம் பக்கத்தில் இந்தச் சாகசம் புதிதல்ல என்று சில கிழவர்கள் சொல்வார்கள். காளமேகப் புலவர் எமகண்டம் பாடியதாகக் கதை: கீழே கொதிக்கும் கொப்பரை, இடுப்பிலும் கழுத்திலும் கத்தி, கேட்டவுடன் வெண்பா. தம்பியின் ஊர்ப் பக்கத்திலேயே, இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்தார். நூறு காரியங்களில் ஒரே சமயத்தில் கவனம், நடுவே கேட்ட ஈற்றடிக்கு வெண்பா. எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்துச் சபைகளில் ஒரு தொல்லை இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பாட்டைக் கேட்டார்கள். தளை தட்டினால் முகம் சுளித்தார்கள். கொப்பரை கொதித்தது என்பதற்காக யாரும் வெண்பாவை மன்னிக்கவில்லை. இப்போது அந்த அநாகரிகம் ஒழிந்துவிட்டது. தம்பியைப் பாராட்டிய அத்தனை பேரில் ஒருவர்கூடப் பக்கத்தைக் காட்டு என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை. எத்தனை மணி நேரம் தூங்கவில்லை என்று கேட்டார்கள், கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். நண்பர்கள் கலர் பிரின்டரில் சான்றிதழ் அடித்துக் கொடுத்தார்கள்.

நான்தான் நாகரிகம் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"கதை என்ன தம்பி?"

"இருபத்து நாலு மணி நேரம் அண்ணாச்சி!"

"அது சரி. உள்ளே என்ன நடக்குது?"

"ஒரு கட்டன் சாயாகூட இறக்காம விடிய விடிய ஒரே இடத்துல இருந்தேன், பாத்துக்கிடுங்க."

தட்டுக்கடைப் பயணத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை. தாள்களை வாங்கிப் புரட்டினேன். கடைசிக் கட்டத்தில் 'தொடரும்' என்று போட்டிருந்தது. தினத்தந்தியில் 1960 முதல் சிந்துபாத் கன்னித்தீவில் சுற்றிக்கொண்டிருக்கிறான்; அதை ஒரு நாள்கூடக் குறை சொல்லாத நான் இதை எப்படிச் சொல்வேன்?

ஆனால் பதினேழாம் பக்கத்தில் ஒரு கோளாறு. விடியற்காலை மூன்றரை மணிக்கு வரைந்ததாம். முக்காலியில் இருந்த போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்ட நேரம். ஓரக்கோடு கோணல். தட்டுக்கடைக்காரர் ஒருவர் சாயா ஆற்றுகிறார். ஒரு கை உயர, ஒரு கை தாழ, நடுவில் ஒரு முழம் நீளத்துக்குச் சாயா. விரல்கள் குவளையைப் பிடித்திருந்த விதத்தில் சூடு தெரிந்தது. அந்த ஆள் எத்தனை வருஷமாக அதே இடத்தில் நின்று ஆற்றுகிறார் என்பது தோள்பட்டையில் தெரிந்தது. பலூன் இல்லை, எழுத்து இல்லை. நான் அந்தப் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டதைப் பார்த்துத் தம்பிக்கு வெட்கமாகிவிட்டது.

"அது தூக்கக் கலக்கத்துல வந்தது அண்ணாச்சி. ஸ்டைல் மாறிப்போச்சு. மன்னிச்சிருங்க."

நியாயம்தான். மீதிப் பத்தொன்பது பக்கங்களோடும் நாலு அட்டை நன்றிகளோடும் அது ஒட்டவே இல்லை. இப்படி ஒரு தவறு நேரும் என்பதற்காகத்தான் மெக்லவுட் ஆட்களைத் தூங்கவிடாமல் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் ஒரு அந்நியரின் உள்நோக்கத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு.

போன வாரம் பாளையத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கையெழுத்திட்ட பிரதி ஒன்றை எனக்குக் கொடுத்தார். பிழை திருத்திய பதிப்பு. பதினேழாம் பக்கத்தில் சாயாக்காரர் இல்லை. சான்றிதழைப் பிடித்துக்கொண்டு தம்பி நிற்கும் போட்டோ இருக்கிறது. நல்ல போட்டோ. இரண்டு கையும், பத்து விரலும் தெளிவாகத் தெரிகின்றன.